தோள் கொடுக்க வந்தவர்

தாத்தாவின் இரண்டு கால் கட்டைவிரல்களையும் சேர்த்துப் பிடித்துத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள் உண்ணாமுலை. எட்டு மாத வயிறு அவளைக் குனிய விடவில்லை. ஒரு காலை மடித்து ஒரு காலை நீட்டிப் பாயின் ஓரமாகச் சாய்ந்து உட்கார்ந்து, முடிச்சைப் போட்டு இறுக்கினாள். இரண்டு கைகளிலும் வளைகாப்பு வளையல்கள் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கின.

"அடியேய், கைய எடு மொதல்ல!"

வாசலில் மாமியார் மணியம்மாள் நின்றிருந்தாள். அடி அண்ணாமலையிலிருந்து மகனுடைய சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்தவள். இறங்கிய வேகத்தில் மூச்சு இரைத்தது.

"முடிச்சுட்டேன் அத்தை."

"வயித்துப் புள்ளக்காரி தொடுற வேலையா இது? ஊர்ல வேற ஆளே கெடைக்கலியா?" மணியம்மாளின் கண் பாயருகே விரிந்து கிடந்த துணி மீது போனது. "இது இன்னா துணி?"

உண்ணாமுலை அந்தத் துணியின் ஓரத்தை மடித்துவிட்டாள். பிள்ளைக்கு ஆகும் என்று தாத்தா தன் பழைய வேட்டிகளைக் கிழித்து, வெந்நீரில் அலசி, சதுரம் சதுரமாக மடித்து அலமாரியில் அடுக்கியிருந்தார். காலையில் அவசரத்துக்கு அவள் கைக்குச் சிக்கியது அந்த அடுக்குத்தான். மேலே இருந்ததை எடுத்து ஓரத்தில் ஒரு முழம் கிழித்துக்கொண்டாள்.

"அவரு வேட்டிதான் அத்தை" என்றாள் கடைசியில்.

சதுர மடிப்பைப் பார்த்ததுமே அது எதற்கு வைத்த துணி என்று மணியம்மாளுக்குப் புரிந்துவிட்டது. தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆதிமூலம் தாத்தா விடியற்காலையில் போயிருந்தார். ஆறு மணிக்குக் காபியோடு எழுப்பப் போனவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கொஞ்ச நேரம் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். காபி ஆறி ஆடை கட்டும் வரைக்கும். அதற்கப்புறம்தான் எழுந்து பக்கத்து வீட்டுத் தனத்தைக் கூப்பிட்டாள். தனம் வந்து வாய்க்கட்டு கட்டி, விளக்கை ஏற்றி, தெருவுக்கே கேட்கிற மாதிரி அழ ஆரம்பித்த பிறகுதான் அது சாவு வீடு ஆயிற்று.

தாத்தா ரயில்வே கேட்கீப்பராக முப்பத்தொரு வருஷம் இருந்தவர். கேட்டை மூடிவிட்டால் கலெக்டர் ஜீப்பே வந்து ஹாரன் அடித்தாலும் திறக்க மாட்டார் என்று ஊரில் பேர். அந்த மனிதர் ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தார். அவள் தலைப்பிரசவத்துக்கு வந்த இடத்தில் பிள்ளையைப் பெற்றுப் போட்டுவிட்டு மூன்றாம் நாள் கண்ணை மூடிக்கொண்டாள். மருமகன் கோதண்டராமன் காரியம் முடிந்த கையோடு போளூருக்குப் போனவன்தான். அங்கே வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான் என்று சேதி வந்தது. அவன் வரவில்லை. தாத்தாவும் அந்தப் பேரை வீட்டில் எடுத்ததில்லை. கேட்டுக்குப் பக்கத்து ஒற்றை அறைக் குவார்ட்டர்ஸில் ஆட்டுப்பாலும் பஞ்சுத் திரியுமாக அவர் வளர்த்த அந்தப் பிள்ளைதான் உண்ணாமுலை. மின்சார வாரியத்தில் லைன்மேனாக இருக்கும் சகாதேவனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. போன மாதம் வளைகாப்பு போட்டு, தாய்வீடு என்று இந்த வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்.

ஒன்பது மணிக்குள் தெரு நிறைந்துவிட்டது. சங்கு ஊதுகிறவர் வந்தார். மூங்கிலும் கீற்றும் வந்தன. அப்போதுதான், இந்தத் தெருவில் எந்தக் காரியத்துக்கும் முன்னால் நிற்கும் பெரியவர் ஒருவர், எல்லாரும் மனதில் வைத்திருந்த கேள்வியை வாய்விட்டுக் கேட்டார்.

"கொள்ளி யாரு வெக்கறது?"

ஆதிமூலத்துக்குப் பிள்ளை இல்லை. பங்காளிகள் யாரும் மிச்சமில்லை. பேத்தி புருஷன் இருக்கிறான். ஆனால் பெண்டாட்டி வாயும் வயிறுமாக இருக்கும்போது அவன் பாடையைத் தொடக்கூடாது, மொட்டை போடக்கூடாது, கொள்ளி வைக்கக்கூடாது. பெரியவர் அதைச் சொல்லி முடிக்கவில்லை. உண்ணாமுலை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"அவருதான் வெப்பாரு" என்றாள், சகாதேவனைக் காட்டி.

மூங்கிலை வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கத்தியை நிறுத்தினார்கள்.

"வாய மூடு" என்றாள் மணியம்மாள். எழுந்து வந்து மருமகளின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். நடையில் யாரும் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்தினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நான் உனக்கு எதிரி இல்லடி. நாளைக்கு அந்தப் புள்ளைக்கு ஒரு தும்மல் வந்தாகூட உன் தலையிலதான் விடியும். நானே கம்முனு இருந்தாலும் ஊரு இருக்காது. உங்கம்மா போன மாதிரி நீயும்..."

பாதியில் நிறுத்திக்கொண்டாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்த முகம்.

வெளியே சங்கு ஒருமுறை ஊதி அடங்கியது.

"எங்கம்மா எந்தச் சாவுக்கும் போவல அத்தை" என்றாள் உண்ணாமுலை. "பத்து மாசமும் வூட்ட வுட்டு வெளியவே வரலியாம். பூசணிக்கா கூட வெட்டலியாம். தாத்தாதான் சொல்லுவாரு."

மணியம்மாள் பிடித்திருந்த கையை விட்டாள்.

"ஆஸ்பத்திரியில டாக்டரம்மா புள்ள நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டாங்க. என்னைத் தூக்கி வளத்தவரு, என் புள்ளைக்குக் கெடுதல் பண்ணுவாரா?"

சகாதேவன் நிலைப்படிக்கு அப்பால் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்க. பயமா இருக்குதா?"

அவன் அம்மாவைப் பார்த்தான். பிறகு அவளுடைய வயிற்றைப் பார்த்தான்.

"பயமாத்தான் இருக்குது உண்ணா."

"தெனம் கம்பத்துல ஏர்றீங்க. எனக்கு மட்டும் பயம் இல்லியா? ஏறாதீங்கன்னு ஒரு நாளாவது சொன்னனா?"

அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான். "செய்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மூங்கில் வெட்டுகிற இடத்துக்குப் போனான்.

மணியம்மாள் தெருவைப் பார்த்து, "நான் ஒரு ஆளுக்குச் சொல்லி அனுப்பிட்டேனே" என்றாள், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல.

யாருக்கு என்று பதினோரு மணிக்குத் தெரிந்தது.

வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் தெருமுனையில் ரிக்ஷாவை விட்டு இறங்கினார். ஐம்பது வயதிருக்கும். கையில் வாழை நாரால் கட்டிய ரோஜா மாலை. வீட்டு வாசல் வரை வந்தவர் உள்ளே நுழையாமல் வேலியோரம் நின்றுவிட்டார். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ "மருமகப்புள்ள வந்துட்டாரு" என்று சொன்னார்கள். பெரியவர் நிம்மதியாக மூச்சு விட்டது உள்ளே வரைக்கும் கேட்டது.

உண்ணாமுலை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். இதற்கு முன் ஒருமுறைகூடப் பார்த்திராத முகம். ஆனால் அந்த அகன்ற நெற்றியைக் கண்ணாடியில் தினமும் பார்த்துப் பொட்டு வைக்கிறவள் அவள்தான்.

"போவாத" என்றாள் தனம். "அவரே வந்து செஞ்சுட்டுப் போவட்டும். யாருக்கும் கஷ்டமில்ல."

அது உண்மைதான். அவர் செய்துவிட்டால் யாருக்கும் கஷ்டமில்லை. மாமியாருக்குத் தூக்கம் வரும், ஊர் வாயை மூடிக்கொள்ளும், சகாதேவனுக்குத் தலைமுடி மிஞ்சும். உண்ணாமுலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே போனாள். கூட்டம் தானாக விலகி வழி விட்டது. வேலியோரத்தில் இருந்த தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இருவரும் நின்றார்கள்.

"நான் உங்களக் கூப்பிடல" என்றாள்.

"தெரியும்மா. உங்க மாமியாருதான் சொல்லி அனுப்பிச்சாங்க. கொள்ளி வெக்க ஆள் இல்லன்னு."

"ஆள் இருக்குது."

அவர் தலையை ஆட்டினார். மாலையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். இரண்டு மூன்று இதழ்கள் கீழே ஈரத்தில் விழுந்தன.

"இல்ல... மாமனாருக்கு செய்ய வேண்டிய கடமை ஒண்ணு இருக்குது இல்ல."

"இருபத்திரெண்டு வருஷமா இருந்துச்சு அது."

இதற்கு அவர் ஏதாவது சாக்குச் சொல்வார் என்று எதிர்பார்த்தாள். அதற்குத் திருப்பிச் சொல்ல வேண்டியதுகூட அவளிடம் தயாராக இருந்தது. அவர் சொல்லவில்லை. குழாயிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"உங்கம்மா போன அன்னிக்கு உன்ன ஒரு துணியில சுத்தி எங்கிட்ட நீட்டினாங்க. நான் கை நீட்டல. பயந்துட்டேன். அவரு வந்து வாங்கிக்கினாரு. அதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கினு இங்க வர்றது?"

தாத்தா இதைச் சொன்னதே இல்லை. எத்தனையோ கதை சொல்லியிருக்கிறார், இதைச் சொன்னதில்லை. உண்ணாமுலை இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். முதுகு வலித்தது. தெரு முழுக்கத் தங்களைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. அவசரப்படவில்லை.

"மொதல்ல உள்ள போய் மாலையப் போடுங்க" என்றாள். "தோள் குடுக்க மூணு பேர்தான் நிக்கிறாங்க. நாலாவதா நீங்க நில்லுங்க. கொள்ளி எங்க வூட்டுக்காரர் வெப்பாரு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"அது போதும்மா" என்றார்.

குளிப்பாட்டி, புது வேட்டி உடுத்தி, நெற்றியில் விபூதியைப் பட்டையாகப் பூசியபோது தாத்தா கேட்டில் கொடியோடு நிற்கிறவர் மாதிரியே விறைப்பாக இருந்தார். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டும் என்றார் பெரியவர். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். பேரப்பிள்ளை என்று அந்த வீட்டில் இருந்தது ஒருத்திதான்.

உண்ணாமுலை கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். மூன்று சுற்று. முதல் சுற்றில் யாரும் அழக்கூட இல்லை. அவளுடைய காலடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது சுற்றில் தாத்தாவின் தலைமாட்டுக்கு வந்தவள் சட்டென்று நின்றாள். இடதுகை விலாவைப் பிடித்துக்கொண்டது. முகம் சுருங்கியது.

"ஐயோ!" என்று தனம் அலறினாள். சகாதேவன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தான். மணியம்மாள் அசையவில்லை.

ஒரு நிமிஷம் உண்ணாமுலைக்கும் பயம் வந்தது. அம்மாவின் முகம் அவளுக்குத் தெரியாது. இருந்தும் அந்த நேரத்தில் அம்மாவைத்தான் நினைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். மறுபடி அதே இடத்தில், இன்னும் பலமாக ஒன்று விழுந்தது. வலி இல்லை அது. குதிகால்.

"எட்டி ஒதைக்குது" என்றாள். "ஒண்ணுமில்ல."

பந்தத்தை நேராகப் பிடித்துக்கொண்டு மூன்றாவது சுற்றையும் முடித்தாள். முடித்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. தாத்தாவின் மார்மேல் கையை வைத்துக் குரலெடுத்து அழுதாள். மணியம்மாள் வந்து பின்னாலிருந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். எழுப்பவில்லை, அழ விட்டாள்.

நான்கு பேர் தூக்கினார்கள். முன்னால் வலதுபக்கம் கோதண்டராமன். வெள்ளைச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு வெறும் தோளில் மூங்கிலை வாங்கிக்கொண்டார். சகாதேவன் தீச்சட்டியோடு முன்னால் நடந்தான். தெருமுனை வரை போன உண்ணாமுலை, ஈசானியத்துச் சுடுகாட்டுப் பக்கம் கூட்டம் திரும்பும் வரைக்கும் நின்றாள். பிறகு வந்து வீட்டைக் கழுவினார்கள். தனம் தண்ணீர் ஊற்ற, மணியம்மாள் தேய்த்தாள். உண்ணாமுலையைத் துடைப்பத்தைத் தொடவிடவில்லை.

நாலரை மணிக்கு ஆண்கள் திரும்பினார்கள். மழித்த தலையோடு வந்த மகனை மணியம்மாள் வாசலிலேயே நிறுத்தி, ஒரு குடம் தண்ணீரைத் தன் கையாலேயே ஊற்றினாள். காதுக்கு மேலே கத்தி கீறியிருந்தது. "பாத்து செரைக்க மாட்டானா அவன்?" என்று அம்பட்டரைத் திட்டினாள். அவன் "செய்றேன்" என்றதற்குப் பிறகு அவள் மகனிடம் பேசிய முதல் வார்த்தை அது.

பக்கத்து வீடுகளிலிருந்து சோறும் ரசமும் வந்திருந்தன. இலை போட்டார்கள். வெளியே தலை துவட்டிக்கொண்டிருந்த கோதண்டராமன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பப் பார்த்தார். உண்ணாமுலை நிலைப்படியில் வந்து நின்றாள்.

"சாப்ட்டுட்டுப் போங்க."

அவர் வந்து சகாதேவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தலை நிமிராமல் சாப்பிட்டார். கை கழுவிக்கொண்டு வந்தவர் செருப்பைப் போட்ட பிறகும் போகாமல் நின்றார்.

"எப்பம்மா?" என்றார். கண் அவளுடைய வயிற்றின் மேல் படாமல் பார்த்துக்கொண்டார்.

"கார்த்திகையில."

"நான்... வந்து பாக்கலாமா?"

உண்ணாமுலை யோசித்தாள். உள்ளே பாத்திரம் வைக்கும் சத்தம் நின்றுபோயிருந்தது.

"தீபக் கூட்டத்துல போளூர் பஸ் கெடைக்காது" என்றாள். "ரெண்டு நாள் முன்னாடியே வந்துடுங்க."

அவர் வேகமாகத் தெருவில் இறங்கி நடந்தார். அவள் அவர் திருப்பம் தாண்டும் வரை நிற்கவில்லை. பசித்தது. உள்ளே வந்து சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்து, இலையில் இருந்ததை வேகமாகச் சாப்பிட்டு முடித்தாள்.

"இன்னும் கொஞ்சூண்டு சோறு போடுங்க அத்தை."

மணியம்மாள் மூன்று கரண்டி போட்டாள். நடுவில் கரண்டியாலேயே குழி செய்து ரசத்தை ஊற்றிவிட்டு, எழுந்து போகாமல் எதிரிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். ரசம் கரையை உடைத்துக்கொண்டு இலையின் ஓரத்துக்கு ஓடியது. உண்ணாமுலை உள்ளங்கையைக் குறுக்கே வைத்து அணை கட்டினாள்.