ஐந்து விரல் தடம்

தோல் டாக்டர் வந்துபோய் அன்றோடு நாற்பத்தொரு நாள். மேஸ்திரியம்மா ஒரு நாள் விடாமல் எண்ணி வந்தாள். எண்ணியதைத் தவிர அவள் வேறெதுவும் செய்யவில்லை.

விடிகாலை நாலரைக்கே கொட்டகையில் விளக்கு எரிந்தது. எழுபது பெண்கள் நீள மேசைகளின் இருபுறமும் நின்றார்கள். எலுமிச்சையை இரண்டாக வெட்டு, பிழியும் குமிழில் வைத்து அழுத்து, திருகு, தோலைக் கூடையில் எறி. மறுபடியும் வெட்டு. சாறு மணிக்கட்டில் இறங்கி முழங்கை வரை ஓடிச் சொட்டியது. விரலில் கீறல் இருந்தவர்கள் முதல் ஒரு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டார்கள். அப்புறம் விரல் மரத்துவிடும், நிம்மதி.

ஒன்பது மணிக்குச் சாறு பீப்பாய்க்குப் போகும். தோல் வெளி முற்றத்துக்குப் போகும். அதே ஈரக்கையோடு பெண்களும் வெயிலில் இறங்கி மதியம் வரை தோலைப் பரப்பிப் புரட்டுவார்கள். காய்ந்ததும் பொடியாக்கி முகப்பூச்சுக் கம்பெனி ஒன்றுக்கு அனுப்பினார் முதலாளி. பூசினால் முகம் பளிச்சென்று ஆகுமாம்.

பரப்பியவர்களின் கையோ கறுத்துக்கொண்டு வந்தது. முதலில் சூடு பட்டதுபோல் சிவக்கும். சிலருக்குக் கொப்புளம் போடும். ஒரு வாரம் போனால் கரும்பழுப்பாக உறைந்து, சுவரில் மழைத் தண்ணீர் இறங்கிய கறைபோல, ஒழுகல் ஒழுகலாக மாதக்கணக்கில் நிற்கும்.

முன்பு இப்படி இல்லை. முற்றத்துக்கு இறங்கும் முன் கை கழுவப் பத்து நிமிஷம் விட்டிருந்தார்கள். போன கோடையில் ஆர்டர் கூடியதும் முதலாளி அந்தப் பத்து நிமிஷத்தைப் பிடுங்கிக்கொண்டு, மதியம் வரை குழாயைப் பூட்டியும் வைத்தார். கேட்கப் போனவர்களிடம் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எலுமிச்சை மாதிரி சுத்தம் பண்ற சாமான் உலகத்துல உண்டா? காலையிலேருந்து அதுலயே கையை ஊறப் போட்டவளுக்குக் கழுவ என்ன இருக்கு?" படித்த மனுஷர். அப்படித்தான் பேசுவார்.

கறை பெருகிப் பேச்சும் பெருகிய பிறகுதான் டாக்டரைக் கூட்டி வந்தார். மாதிரிக்கு ஒரு கை வேண்டுமென்று மேஸ்திரியம்மாவை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார்கள். டாக்டர் அவள் கையைத் திருப்பிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், என்ன வேலை என்று கேட்டார், இரண்டே வாக்கியம் சொன்னார். முதலாளி அவருக்குக் காப்பி வரவழைத்து, கார் வரை போய் அனுப்பிவைத்துவிட்டு வந்து கதவைச் சாத்தினார். கேட்டதைக் கேட்ட இடத்திலேயே விட்டுவிட வேண்டும் என்றார். விஷயம் வெளியே போனால் கொட்டகைக்குப் பூட்டுதான், எழுபது வீட்டு அடுப்பும் அவள் வாயில்தான் இருக்கிறது என்றார்.

மறுநாள் அவளுக்கு நிழலில் தராசுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி வந்தது. கூடையை நிறுத்தால் போதும், முற்றத்துக்கு இறங்க வேண்டாம். ஒரு நாற்காலி, அதுவும் ஒரு கால் ஆடுகிற நாற்காலி. தன் வாயின் விலை இவ்வளவுதானா என்று அவளுக்கே கேவலமாக இருந்தது. ஆனாலும் உட்கார்ந்தாள். சில வாரங்களில் அவள் கைக் கறை வெளுக்கத் தொடங்கியது. அதைப் பிறர் பார்க்காமலிருக்க அவள் முழுக்கைச் சட்டை போட்டாள்.

நாலாம் நாள் சுவரில் ஒரு தாள் ஒட்டினார்கள். 'தோலில் கறை: அன்றாடக் காரணங்கள்' என்று தலைப்பு. எதற்கெடுத்தாலும் எதிர்வாதம் பேசுவதால் வக்கீல் என்று பேர் வாங்கியவள், அதை மேசை மேசையாகப் படித்துக்காட்டினாள். தூக்கம் குறைவாம். நாலரைக்கு வரச் சொல்கிறவர் சொல்கிறார். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டுமாம். கழிவறைக்குப் போனால் கடிகாரம் பார்க்கிறவர் சொல்கிறார். வெயிலில் போகும்போது குடை பிடிக்க வேண்டுமாம். "ஒரு கையில குடை, ஒரு கையில கூடை. தோலைப் பல்லால பரப்பிக்கலாம்டி" என்றாள் வக்கீல். பருவைக் கிள்ளுவது, பிள்ளைப்பேறு, வயது என்று இன்னும் இருந்தது. பருவும் பிள்ளைப்பேறும் முடிந்து பத்து வருஷமான பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மேஸ்திரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு அன்று கணக்குக் குறிப்பதில் ரொம்ப மும்முரம்.

சிரிப்பு ஒல்லியின் விஷயத்தில்தான் நின்றது.

ஒல்லி மூன்றாம் மேசைக்காரி. அவளுடைய நாலு வயதுப் பெண் வேலிக்கு அந்தப்பக்கம் குழந்தைகள் பள்ளியில் இருந்தாள். ஒரு நாள் காலை ஊஞ்சலிலிருந்து குழந்தை விழுந்துவிட, சத்தம் கேட்டு ஒல்லி குமிழை விட்டுவிட்டு ஓடினாள். புஜத்தைப் பற்றித் தூக்கி, தெரு நெடுக வெயிலில் நடந்து வீட்டில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தாள். முழங்கால் சிராய்ப்பு மூன்று நாளில் ஆறிவிட்டது. ஆனால் புஜம் சிவந்து, பிறகு கறுத்தது. வெளிப்பக்கம் நாலு விரல், உட்பக்கம் கட்டைவிரல். யாரோ மை தொட்டு வைத்ததுபோல் அவ்வளவு சுத்தமான தடம்.

பள்ளி டீச்சர் கேட்டாள். தெரு கேட்டது. பெற்ற குழந்தையை இப்படி அடிக்கிறவள் தாயா என்று சொல்லி மாமியார் குழந்தையைத் தன் வீட்டுக்குத் தூக்கிப் போய்விட்டாள். இனி பார்க்க வரவேண்டாம் என்றும் சொல்லியனுப்பினாள். ஒல்லி அடிக்கவில்லை என்று முதல் வாரம் கத்தினாள். இரண்டாம் வாரம் அழுதாள். மூன்றாம் வாரம் தராசருகில் கூடையை இறக்கி வைத்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்: "பயத்துல அழுத்திப் பிடிச்சிட்டேனோ அக்கா? தூக்கத்துல ஏதாவது செஞ்சிட்டேனோ? எனக்கே தெரியலையே."

மேஸ்திரியம்மா தராசு முள்ளைப் பார்த்தாள். பன்னிரண்டு கிலோ என்றாள்.

நாற்பத்தொன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு முதலாளி கொட்டகை வாசலில் வந்து நின்றார். சாறு செருப்பில் படாத தூரத்தில். மறுநாள் முகப்பூச்சுக் கம்பெனிக்காரர்கள் பார்வையிட வருகிறார்களாம். அழகுச் சாமான் வாங்குகிறவர்களாம். கறை உள்ளவர்கள் அவர்கள் கண்ணில் படக்கூடாதாம், நாளைக்கு வீட்டிலேயே இருந்துகொள்ள வேண்டுமாம். பிறகு ஒல்லியைக் கைகாட்டினார்.

"நீ நாளைக்கு மட்டும் இல்ல. இனிமே வரவேண்டாம். பிள்ளையை அடிக்கிறவளை வேலைக்கு வச்சிருக்கேன்னு எனக்கெதுக்குக் கெட்ட பேரு?"

ஒல்லி தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மடித்தாள். அவள் மடித்த விதத்தில், தான் செய்த குற்றத்துக்கு இது சரிதான் என்று அவளே ஒப்புக்கொண்டது போலிருந்தது.

வக்கீல் கத்தியை மேசைமேல் வைத்தாள்.

"அடிச்சாளா இல்லையான்னு அவளை நாங்க கேட்டுக்கறோம். இத்தனை பேர் கையும் கறுத்திருக்கே முதலாளி, இதையெல்லாம் யார் அடிச்சது?"

"சுவத்துல ஒட்டியிருக்கே, படிக்கத் தெரியாதா?"

"படிச்சோம். குழாயைத் திறங்க. கழுவாம ஒருத்தியும் முற்றத்துல இறங்கமாட்டா. ஒல்லி போனா நாங்களும் போறோம். நாளைக்கு வர்றவங்களுக்கு நீங்களே தோலைப் பரப்பிக் காட்டுங்க."

முன்கூட்டிப் பேசி வைத்ததல்ல அது. ஆனால் வக்கீல் போய்ப் பூட்டிய குழாயடியில் உட்கார்ந்ததும், முதல் மேசை எழுந்து போனது. இரண்டாம் மேசையும் போனது. ஒல்லியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மூன்றாம் மேசை போனது. கறை ஏறாத புதுப் பெண்கள் நாலைந்து பேர் தயங்கி நின்றுவிட்டு அவர்களும் போனார்கள். ஈரச் சிமெண்டுத் தரையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

முதலாளி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். அவருக்குக் கோபம் வரவில்லை, அலுப்புத்தான் வந்தது. இவர்களோடெல்லாம் பேச வேண்டியிருக்கிறதே என்ற அலுப்பு. தராசுப் பக்கம் திரும்பினார்.

"மேஸ்திரி, நீதான் அன்னிக்குக் கூட இருந்தியே. டாக்டர் என்ன சொன்னார்னு இவங்களுக்குச் சொல்லு."

அவள் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. நாற்காலி போட்டால் நாக்கும் தன்னுடையது என்ற நம்பிக்கை. அதைக் கேட்டதும் மேஸ்திரியம்மாவுக்கு அவர்மேல் வந்த அருவருப்பைவிடத் தன்மேல் வந்தது பெரிதாக இருந்தது. இத்தனை நாள் எழுபது அடுப்பைக் காப்பாற்றியதாகத்தான் அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். எழுபது பேரும் அவரவர் அடுப்பைப் பற்றி அவளைக் கேட்காமலே இப்போது தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

எழுந்தாள். குழாயடிக்கு நடந்தாள். வக்கீல் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அவள் ஒல்லிக்கு நேர் எதிரில் உட்கார்ந்தாள். முதலாளியைப் பார்க்கவில்லை.

"உன் பொண்ணை நீ அடிக்கலடி" என்றாள். பிறகு கடைசி வரிசைக்கும் கேட்கும்படி மறுபடியும் சொன்னாள்: "நீ அடிக்கல. எலுமிச்சைத் தோல்ல இருக்கற எண்ணெய் அது. கையைக் கழுவாம வெயில்ல போனா கறுக்கும், அந்தக் கையால தொட்ட இடமும் கறுக்கும். சோப்புப் போட்டுக் கழுவியிருந்தா ஒண்ணுமே வந்திருக்காது. டாக்டர் இதைத்தான் சொன்னாரு. இவருக்கு அன்னிக்கே தெரியும். எனக்கும் தெரியும்."