பூஜை நேரத்தில் கத்திய சர்வர்

ஒரகடத்துக் கம்பெனிகளில் ஆயுத பூஜை என்றால் ஸ்க்ரூ டிரைவர் முதல் ஃபோர்க்லிஃப்ட் வரை எதுவும் பொட்டு இல்லாமல் தப்ப முடியாது. பிரேக் பாகங்கள் செய்யும் அந்தக் கம்பெனியில் சர்வருக்கும் சந்தனம், குங்குமம், முகத்தையே மறைக்கிற மாதிரி ஒரு சாமந்தி மாலை. ஐயர் கற்பூரம் காட்டுகிற நேரம் பார்த்து அது பீப் பீப் என்று கத்தத் தொடங்கியது.

"என்னப்பா இது, பூஜை நேரத்துல அபசகுனமா?" என்று மேனேஜர் வசந்தகுமார் முகம் சுளித்தார்.

கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் இசக்கிதுரை பாய்ந்து போய்ச் சத்தத்தை அடக்கினான். உள்ளே நான்கு டிஸ்க்குகள் சேர்ந்துதான் கம்பெனியின் மொத்த விவரத்தையும் தாங்கின. அதில் ஒன்று செத்துவிட்டது என்பதற்குத்தான் அந்தக் கத்தல். ஒன்று போனால் மற்றவை சமாளிக்கும். இன்னொன்றும் போனால் எல்லாம் போச்சு. லீவு முடிந்து வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று வள்ளியூருக்கு பஸ் ஏறினான். திரும்பியபோது சர்வர் கத்தவில்லை. சிவப்பு விளக்கை மாலை மறைத்திருந்தது. துரை சுத்தமாக மறந்துபோனார்!

அடுத்த வாரம் மழையில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் முக்கி முனகிக் கிளம்புவதற்குள் யூபிஎஸ் கைவிட்டது. கரண்ட் வந்தபோது இரண்டாவது டிஸ்க்கும் படுத்துவிட்டிருந்தது. எந்தச் சரக்கு யாருக்கு என்று தெரியாமல் லாரிகள் கேட்டில் நின்றன.

பழி யார் தலையில்? ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ளும் கான்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன், சேரப்பணஞ்சேரி எல்லப்பன் தலையில்தான்.

"டேட்டா திரும்பி வரலன்னா நீயும் வராத" என்று வசந்தகுமார் அவரை வெளியே அனுப்பினார். பக்கத்தில்தான் நின்றான் இசக்கிதுரை. செத்த டிஸ்க்கை மாற்றியிருந்தால் இந்தக் கரண்ட் கட்டெல்லாம் ஒரு விஷயமே இல்லை. அது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். வாயைத் திறக்கவில்லை, கோழை.

டேட்டாவை எடுத்துவிட்டால் எல்லப்பனுக்கு வேலை கிடைத்துவிடும், தானும் தப்பிவிடலாம் என்று வெறியோடு உட்கார்ந்தான். இரண்டாவது டிஸ்க் சாகவில்லை, கரண்ட் போனதில் மிரண்டிருந்தது, அவ்வளவுதான். அதில் இருந்ததை அப்படியே புது டிஸ்க்கில் நகலெடுத்தான். நகலை மற்ற இரண்டோடு சேர்த்துக் கட்டாயப்படுத்தி எழுப்பினான். ஒவ்வொன்றாக ஃபைல்கள் வந்தன. அதற்குப் பிறகுதான் செத்ததன் இடத்தில் இன்னொரு புது டிஸ்க்கைப் போட்டான். லாரிகள் நகர்ந்தன.

ஆபீசே கைதட்டியது. வசந்தகுமார் தோளில் தட்டிக்கொடுத்தார். "எல்லப்பனைக் கூப்பிடுங்க. தம்பிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வேலையில சேரட்டும்" என்றார்.

எல்லப்பன் வந்து எல்லார் முன்னாலும் இசக்கிதுரையின் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னாலதான் உனுக்கு இவ்ளோ கஷ்டம் தம்பி. சோறு தண்ணி இல்லாம கெடந்தியாமே. மன்சுல வச்சிக்காதபா. என் பொழப்ப காப்பாத்திக் குட்த்துட்ட."

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வசந்தகுமார் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரவாயில்லண்ணே, விடுங்க" என்றான் இசக்கிதுரை. "இனிமேலாவது பாத்து நடந்துக்கிடுங்க."

"தங்கமான பையன்" என்றார் வசந்தகுமார். ஆமாம் சார் என்று எல்லப்பனும் தலையாட்டினார்.