இரண்டாவது வணக்கம்

மியோங்ஜூ புது ஊதுபத்தியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது மா டாக்டர் உள்ளே வந்தார். வார்டுச் செருப்பை வாசலில் விட்டிருந்தார். பச்சை உடுப்பின் மேல் யாரிடமோ இரவல் வாங்கிய கறுப்புக் கோட்டு, தோளில் தொளதொளவென்று தொங்கியது. இந்த மனிதருக்காகத்தான் அவள் நேற்றிலிருந்து காத்திருந்தாள்.

அவள் கணவன் வோன்சிக்கும் இதே ஆஸ்பத்திரியில் டாக்டர்தான். செத்ததும் இங்கேயே, அவன் வேலை பார்த்த தீக்காயப் பிரிவின் ஓய்வறையில். சாவு மண்டபமும் அதே கட்டிடத்தின் அடித்தளத்தில்தான். லிஃப்டில் இறக்கி, அவன் படத்தைச் சுற்றி வெள்ளைச் செவ்வந்தி வைத்தாயிற்று. "கிளம்பிட்டேன், சோறு எடுத்து வை" என்று போனில் சொன்னவன் கிளம்பவில்லை. விடிவதற்குள் மாரடைப்பு. அன்று ராத்திரி அவனைப் பிடித்து நிறுத்தியது யார்? அது ஒன்றுதான் அவளுக்குத் தெரிய வேண்டும். பிரிவின் தலைவர் இந்த மா டாக்டர்தான். அவரைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பது?

இதில் வேடிக்கை என்னவென்றால், வோன்சிக்கின் ஆராய்ச்சியே தீக்காயப் பிரிவில் வேலை பார்ப்பவர்களின் களைப்பைப் பற்றியது. டாக்டர், நர்ஸ் எல்லார் மணிக்கட்டிலும் தூக்கத்தை அளக்கும் ஒரு பட்டையைக் கட்டிவிட்டு, "நேத்து எவ்வளவு நேரம் தூங்கினே?" என்று கேட்டுக்கொண்டே அலைவான். "ஊரைக் கேக்குறது இருக்கட்டும். உன் தலையணைக்கு உன் மூஞ்சியே மறந்துபோச்சு" என்று அவள் குத்திக்காட்டுவாள். அவன் சிரிப்பான். அந்தச் சிரிப்பின் மேலும் இப்போது கோபம் வந்தது.

மா டாக்டர் படத்தின் முன் விரித்திருந்த பாயில் மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்து வணங்கினார். செத்தவருக்கு இரண்டு வணக்கம் என்பது முறை. எழுந்து இரண்டாம் முறை குனிந்தார். எழவில்லை.

"பாரு, எப்படி அழறான்!" பூசானிலிருந்து வந்திருந்த மாமியார் மூக்கைச் சிந்தினாள். "பெத்தவ நான்கூட இப்படி விழுந்து அழல."

மியோங்ஜூ பொறுத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் தரையிலிருந்து குறட்டை கேட்டது.

"அடக் கண்றாவியே! தூங்குறான்டி! எழுப்பு அவனை!"

"இருக்கட்டும் அத்தை. முழிக்கட்டும். எனக்கு அவர்கிட்ட பேச வேண்டியது இருக்கு."

ராத்திரி முழுக்க மனசுக்குள் சொல்லிச் சொல்லிக் கூர் தீட்டிய வார்த்தைகள். அவற்றைத் தூங்குகிற ஆளிடம் எப்படிச் சொல்வது? அந்தச் சமயம் பார்த்து அவர் கோட்டுப் பையில் போன் அலறியது. அவர் அசையவில்லை. மியோங்ஜூவே எடுத்தாள்.

"சார், எங்க இருக்கீங்க? கோழி வறுக்கிற கடையில எண்ணெய் தீப்பிடிச்சு ரெண்டு பேர் வந்திருக்காங்க. ஒருத்தருக்குத் தொண்டை வீங்கிட்டே வருது. ஓடி வாங்க சார்!"

மியோங்ஜூ குனிந்து அவர் தோளை உலுக்கினாள். கண்ணைத் திறக்காமலே அவர் குழறினார்: "வோன்சிக்கா... இன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும் நீ பாத்துக்கடா. என்னால முடியல. விழுந்துடுவேன்டா."

அவள் கை அவர் தோளிலேயே நின்றுவிட்டது.

அவர் விழித்தார். முதலில் அவளுடைய கறுப்புப் பாவாடையின் ஓரத்தைப் பார்த்தார். பிறகு படத்தை. என்ன சொல்லிவிட்டோம் என்பது முகத்தில் மெல்ல ஏறியது. "தங்கச்சி... அன்னிக்கு நான்தான்..."

அந்தப் படத்தில் இவர் இருந்திருக்கக் கூடாதா என்று அவள் ஆசைப்பட்டாள். அப்படி ஆசைப்பட்டதற்கு வெட்கப்படவும் இல்லை.

"மேல கூப்பிடுறாங்க," என்று போனை நீட்டினாள். "தீக்காயம். ரெண்டு பேர். ஒருத்தருக்குத் தொண்டை வீங்குதாம்."

அவர் சுவரைப் பிடித்து எழுந்தார். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் ஓடினார்.

"என்னடி சொன்னான்?" என்றாள் மாமியார்.

"தூக்கத்துல ஏதோ உளறினாரு, அத்தை."

அவள் அவரை மன்னிக்கவில்லை. ஆனால் கேட்பதற்கு இனி ஒன்றும் மிச்சமில்லை.

வேலை முடிந்த நர்ஸுகள் இரண்டு பேர் வந்தார்கள். தேய்த்துத் தேய்த்துக் கழுவிச் சிவந்த கைகள், தூக்கம் சொருகும் கண்கள். படத்தின் முன் வந்து முழங்காலை மடக்கப் போனார்கள்.

"விழுந்து கும்பிட வேண்டாம்," என்றாள் மியோங்ஜூ. "நின்னுக்கிட்டே தலை குனிஞ்சா போதும். போய்ச் சாப்பிடுங்க, குழம்பு சூடா இருக்கு."

"இது என்னடி புது முறை?" என்றாள் மாமியார்.

மியோங்ஜூ வணங்குவதற்கு விரித்திருந்த பாயைச் சுருட்டிச் சுவரோரமாகச் சாத்தி வைத்தாள்.