மாதுளை நிறக் கோடு

"வெறும் விளக்குமாறு போதாது பாப்பா. காந்தத்தை வெச்சு எடுக்கணும். இல்லன்னா வர்றவங்க காலைக் கிழிச்சிரும்," என்றாள் அண்ணி.

சின்னவள் காதில் வாங்காதவள் மாதிரி கூட்டிக்கொண்டே இருந்தாள். பட்டறைத் தரையெங்கும் இரும்புச் சுருள்கள். அம்மா செத்த அன்றைக்குக்கூட உனக்குக் கூட்டத் தெரியவில்லை என்று சொல்லிக்காட்ட வேண்டுமா? அண்ணி திரும்பிக்கூடப் பார்க்காமல் கதவுக்குப் பின்னால் கையை விட்டு, நுனியில் காந்தம் கட்டிய குச்சியை எடுத்தாள். அது அங்கே இருக்கும் என்பதே சின்னவளுக்குத் தெரியாது. தன் வீட்டுக் கீழ்த்தளத்தில், தன் அம்மாவின் பட்டறையில், எது எங்கே இருக்கிறது என்று வந்தவளுக்குத் தெரிந்திருந்தது.

ராத்திரி நெஞ்சுவலி என்று கொண்டுபோன அம்மாவின் நெஞ்சு விடிகாலையில் ஆஸ்பத்திரியில் நின்றுபோனது. வீடு மாடியில். படிக்கட்டு நடுவில் மடங்கித் திரும்புவதால் கண்ணாடிப் பெட்டியை மேலே ஏற்ற முடியாது. அதனால் கீழே பட்டறையிலேயே வைப்பதென்று அண்ணன் முடிவு செய்து, ஆம்புலன்ஸோடு வந்துகொண்டிருந்தான். பெட்டி, இரும்பு கடைகிற பழைய லேத்துக்கும் கம்ப்யூட்டரில் ஓடுகிற சிஎன்சி மெஷினுக்கும் நடுவில் வரும். வேறு இடமில்லை.

அம்மாவைத் தெருவில் எல்லாரும் லேத்தம்மா என்பார்கள். அப்பா விட்டுப்போன ஒற்றை லேத்தில் கடைந்தே இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கியவள். நாற்பது தாண்டிய பிறகு, ஊரே வேண்டாமென்று சொல்லியும் கேட்காமல், எங்கேயோ கழித்துப்போட்ட ஒரு சிஎன்சி மெஷினைக் கொண்டுவந்து இறக்கினாள். கையால் சக்கரம் சுற்றிப் பழகியவளுக்குப் பொத்தானில் வேலை வாங்குவது லேசில் பிடிபடவில்லை. ஒருநாள் டூல் ஐம்பது மில்லிமீட்டர் தள்ளி நிற்கட்டும் என்று ஐம்பது அடித்தவள் பின்னால் ஒரு புள்ளி வைக்க மறந்துவிட்டாள். புள்ளி இல்லாத ஐம்பதை மெஷின் ஒரு முடியின் கனம் என்று எடுத்துக்கொண்டு, வெட்டுகிற டூலை நேரே கொண்டுபோய்ச் சுழல்கிற இரும்பில் மோதியது.

அந்தச் சத்தம் கேட்டு மாடியிலிருந்து ஓடிவந்தவள் சின்னவள். அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். ஓடிவந்த வேகத்தில் அவள் பின்னல், பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த லேத்தின் மேல் வீசியது. அம்மா அவளைக் கொத்தாகப் பிடித்து இழுத்து முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "இனிமே இந்த வாசப்படி மிதிச்சே, காலை ஒடிச்சிருவேன்." அதற்குப் பிறகு பட்டறைக் கதவு அவளுக்குச் சாத்தியதுதான். பின்னலை வெட்டிவிடுகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தாள். அம்மா மசியவில்லை. படிக்க அனுப்பினாள். இப்போது பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுக்கிறாள்.

பிறகு அண்ணி வந்தாள். வந்த வருஷமே முடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டு பட்டறையில் இறங்கிவிட்டாள். வெட்டிவிட்டது அம்மாவேதான். மாமியார் மருமகள் சண்டை இல்லாத வீடு என்று தெருவே மெச்சியது. சின்னவளுக்கு அதுதான் எரிந்தது. சாப்பாட்டுத் தட்டில் இருவரும் விரலால் கோடு போட்டுப் பேசுவார்கள். "காலைல முதல் ரெண்டு பீஸ் மட்டும் ஏன் அத்தை அளவு தப்புது?" "மெஷின் இன்னும் சூடாகலடி. நமக்கு மட்டும் எழுந்ததும் கை கால் வருதா?" என்று சிரிப்பார்கள். சின்னவள் குழம்புப் பாத்திரத்தோடு நிற்பாள். அவளிடம் அம்மா கேட்பதெல்லாம் ஒன்றுதான்: "சாப்பிட்டியா?"

பெட்டி வந்தது. ஆட்களும் வந்தார்கள். சிஎன்சி மெஷினின் உச்சியில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. சில நாளாகவே அப்படித்தான். தான் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதை அந்த மெஷின் உள்ளே இருக்கும் ஒரு பேட்டரியை வைத்துத்தான் ஞாபகம் வைத்திருக்கிறதாம். பேட்டரி தேய்ந்துவிட்டது. புதியதை மாற்றும்வரை கரண்டு இருந்தாக வேண்டும். மெயினை அணைத்தால் எல்லாம் மறந்துபோகும். இரவுச் சாப்பாட்டில் இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சின்னவளுக்கு மனப்பாடம். மெயின் பிடியின் மேல் ஓர் அட்டை கட்டியிருந்தது. 'தொடாதே' என்று அண்ணியின் கையெழுத்து.

"முதல் தடவை மோதினதை அத்தை எப்படிச் சொல்லுவாங்க தெரியுமா," என்று அண்ணி யாரிடமோ அழுதுகொண்டே சொன்னாள். "'ஒரு புள்ளிதான்டி, ஒரே ஒரு புள்ளி, மனுஷியைச் சாகடிச்சிருக்கும்'பாங்க."

நீ அப்போது எங்கே இருந்தாய் என்று கேட்கச் சின்னவளுக்கு வாய் துடித்தது.

பேரிங் கடைக்காரர் மாலையோடு வந்தார். அதைப் பெட்டி மேல் வைத்துவிட்டு நேராக அண்ணியிடம் போனார். "அம்மாவும் பொண்ணுமா எப்பவும் ஒண்ணா வந்து நிப்பீங்களேம்மா. இனிமே தனியா வந்து நின்னா நான் எப்படிப் பார்ப்பேன்?" என்று கண்ணைத் துடைத்தார். பிறகு பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த சின்னவளைப் பார்த்தார். "இவங்க யாரு, மருமகளா?"

அண்ணி முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். மறுத்துச் சொல்லவில்லை.

"இல்லண்ணே, இதுதான் என் தங்கச்சி," என்றான் அண்ணன்.

"அப்படியா? நான் பார்த்ததே இல்ல."

சிவப்பு வெளிச்சம் கண்ணாடி வழியே அம்மாவின் கன்னத்தில் விழுந்து விழுந்து மறைந்தது. சின்னவள் எழுந்தாள். மெஷினின் பின்பக்கம் போனாள். அட்டையை விலக்கினாள். என்ன செய்கிறோம் என்பது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. அவர்கள் இருவரும் சேர்ந்து சேர்த்துவைத்ததெல்லாம் போகட்டும். பிடியைக் கீழே இறக்கினாள்.

இரவும் பகலும் இரைந்துகொண்டிருந்த விசிறி அடங்கியது. பட்டறை திடீரென்று பெரிதானது போல் இருந்தது. "நல்ல காரியம் பண்ணினே, கண்ணுல குத்திக்கிட்டே இருந்துச்சு," என்றார் சித்தப்பா. அண்ணி முகத்திலிருந்து கையை எடுத்தாள். அணைந்த விளக்கைப் பார்த்தாள். பின்பக்கத்திலிருந்து வந்த சின்னவளைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

எல்லாம் முடிந்து திரும்பியபோது சாயங்காலம். குளித்துவிட்டுச் சின்னவள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். கீழே பட்டறையில் விளக்கு எரிந்தது. அண்ணியாவது கத்தியிருக்கலாம். நாலு பேர் முன்னால் கையை ஓங்கியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். இறங்கிப் போய்க் கதவோரம் நின்றாள்.

அண்ணி புதுப் பேட்டரியைப் போட்டு மெஷினை உயிர்ப்பித்திருந்தாள். அப்போதும் சிவப்புதான் மினுக்கியது.

"நேத்துதான் பேட்டரி வந்துச்சு. காலைல மாத்திக்கலாம்னு அத்தை சொன்னாங்க," என்றாள், திரும்பாமல். "இப்ப அதுக்கு எது பூஜ்யம்னு தெரியல. பழைய இடத்துல கொண்டுபோய் நிறுத்தி, இதுதான்டா பூஜ்யம்னு நாமதான் சொல்லணும். கம்பெனி ஒட்டின அம்புக்குறியெல்லாம் எப்பவோ உரிஞ்சுபோச்சு. அத்தை எங்கயாவது அடையாளம் வெச்சிருப்பாங்க. என்கிட்ட சொல்லல."

சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தை சின்னவளுக்கு இனித்தது. அம்மா அண்ணியிடம் சொல்லாமல் விட்டதும் ஒன்று இருந்திருக்கிறது.

"டார்ச் பிடிக்கட்டுமா?" என்றாள்.

அண்ணி அப்போதுதான் திரும்பினாள். "உள்ள வர்றதுன்னா முதல்ல முடியைக் கட்டு."

சின்னவள் ஈர முடியை இறுக்கிச் சுருட்டிக் கொண்டை போட்டுக்கொண்டு வாசற்படியைத் தாண்டினாள். மெஷினின் கதவு வழியே தலையை நுழைத்து வெளிச்சம் அடித்தாள். எண்ணெய்ப் பிசுக்கு, ஒட்டிக்கிடந்த துகள்கள். நகர்கிற பலகையின் ஓரத்தில், பிசுக்குக்குக் கீழே, ஏதோ ஒரு நிறம் தெரிந்தது. விரலால் தேய்த்தாள். நகத்தின் அகலத்தில் ஒரு கோடு. மாதுளை நிறம்.

"அது இல்ல பாப்பா. அது ஏதோ பெயின்ட். துடைக்கப் போனாலே கையைத் தட்டிவிடுவாங்க. 'அது என் பொண்ணோடது, தொடாதே'ன்னுவாங்க. எதுக்குன்னு கேட்டா பதில் வராது."

சின்னவள் டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். மெஷின் வந்து இறங்கிய வாரம். ஊர்சுற்றிவிட்டு வந்த அண்ணன் அவளுக்கு வாங்கிக் கொடுத்த நகப்பூச்சு. ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்கவில்லை. கிரீஸ் கையோடு மாடியேறி வந்த அம்மா, ஒரு வார்த்தை கேட்காமல் அதை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள். சின்னவள் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். பாட்டில் திரும்பி வரவேயில்லை.

"அண்ணி," என்றாள். "அது பெயின்ட் இல்ல, நகப்பூச்சு. என்னோடது. நகர்ற பலகையில ஒரு கோடு இருந்தா, நகராத இடத்துல இதுக்கு ஜோடி இன்னொண்ணு இருக்கணும். ரெண்டும் நேருக்கு நேர் வந்தா அதுதான் பூஜ்யம்."

அண்ணி ஒரு துணியை நீட்டினாள். சின்னவள் கையை நீட்டி அடியில் துடைத்தாள். இருந்தது. பக்கவாட்டில் இன்னொரு ஜோடியும் இருந்தது. அண்ணி பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் முகம் சிறுத்துப்போனதைச் சின்னவள் கவனித்தாள். அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். குழம்புப் பாத்திரத்தோடு நிற்கையில் அவளுக்கு இருந்த முகம்தான்.

"மெயினை நான்தான்..." என்று தொடங்கினாள்.

"தெரியும்." பலகையை நகர்த்த, மெஷினிலிருந்து ஒயரில் தொங்கிய சின்னக் கைச்சக்கரத்தை அண்ணி எடுத்துக்கொண்டாள். "தினமும் என் மூஞ்சிக்கு நேரே அந்தக் கோடு. ஒருநாள் அத்தை இல்லாதப்ப சுரண்டிப் போட்டுரலாம்னு பிளேடு எடுத்துட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? நீ சொல்லு, நான் நகர்த்தறேன். பார்த்துச் சொல்லு."

சக்கரம் கிளிக் கிளிக்கென்று திரும்பியது. பலகை எறும்பு ஊர்கிற மாதிரி நகர்ந்தது. பக்கவாட்டு ஜோடி முதலில் சேர்ந்தது. அடுத்தது மற்றது. சின்னவள் தரையில் மண்டியிட்டுக் கன்னத்தை இரும்போடு சேர்த்து வைத்துக்கொண்டாள். இரும்பு சில்லென்றிருந்தது. காலையில் அவள் விட்டுவிட்ட ஒரு சுருள் முழங்காலில் குத்தியது.

"வாங்க... இன்னும்... இன்னும் கொஞ்சம். ஐயோ, தாண்டிப் போச்சு, பின்னாடி."

"எவ்வளவு?"

"ஒரு முடி அளவு."

ஒரு கிளிக். இரண்டு கோடுகளும் ஒன்றாயின.

"சரியா இருக்கா?" என்று அண்ணி மேலிருந்து கேட்டாள்.

 பூஜ்யத்தைப் பதிக்கிற பொத்தானின் மேல் விரலை வைத்தபடி காத்திருந்தாள். மெஷின் விசிறி இரைந்துகொண்டிருந்தது. சின்னவள் கட்டைவிரல் நகத்தை அந்தக் கோட்டின் மேல் வைத்துப் பார்த்தாள். அதே அகலம்.