இடது பக்கக் கிளிப்

காலை ஏழரைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்து, நோயாளிகள் யாரும் எட்டிப்பார்ப்பதற்கு முன், அவள் ஒரு பிளாஸ்டிக் பொம்மைத் தலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கதிர்வீச்சு மேசையில் தலையைப் படுக்கவைத்து, முகத்தின் மேல் வலையைப் போட்டு, இரண்டு பக்கமும் கிளிப்பை அழுத்த வேண்டும். இரண்டு பேர் இரண்டு பக்கம் நின்று ஒரே நேரத்தில் அழுத்தினால் மூன்று வினாடி வேலை. தனி ஆளாகச் செய்தால் பக்கத்துக்கு ஒரு கைதான் கிடைக்கிறது, அந்தப் பலம் போதவில்லை. இரண்டு கையையும் வலது பக்கம் கொடுத்தால் இடது பக்கம் எழும்பிக்கொள்கிறது. அதை எட்டிப் பிடிப்பதற்குள் தலை ஒரு நூல் திரும்பிவிடுகிறது. ஒன்பது முறை போட்டுப் பார்த்தாள். ஒன்பது முறையும் மூன்று மில்லிமீட்டர் தப்பியது. பொம்மை ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் சாயங்காலம் அங்கே படுக்கப்போகிற மனிதருக்கு, கட்டியிலிருந்து கொஞ்சம் தள்ளினால் தண்டுவடம் இருந்தது.

முன்பெல்லாம் அந்த வலைக்கும் மாஸ்க் என்றுதான் பெயர். ஊர் முழுக்க மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு திரிய ஆரம்பித்ததும், எந்த மாஸ்க் என்று குழப்பம் வந்து, இவர்கள் வலை என்று கூப்பிடத் தொடங்கினார்கள். சுடுதண்ணீரில் இளக்கிய பிளாஸ்டிக் தகட்டை முதல் நாள் நோயாளியின் முகத்தில் அழுத்தி, ஆறவிட்டு எடுப்பார்கள். மூக்கு, கன்னம், தாடை எல்லாம் அப்படியே பதிந்திருக்கும். வலையின் உடம்பெல்லாம் ஓட்டை, கிருமியையும் தடுக்காது, கொசுவையும் தடுக்காது. தலையை அசையாமல் பிடித்து வைப்பது மட்டுமே அதன் வேலை. அதைப் போடுவதற்கு நோயாளி தன் துணி மாஸ்க்கைக் கழற்றியாக வேண்டும். ஊரே அடுத்தவர் மூச்சுக்குப் பயந்து ஆறடி தள்ளி நின்ற மாதங்களில், அவளும் வேலையில் அவளுடைய ஜோடியும் ஒரு நாளைக்கு இருபது திறந்த வாய்களுக்கு ஒரு சாண் மேலே குனிந்து நின்றார்கள்.

ஜோடிக்கு ஸ்கேல் என்று பட்டப்பெயர். வலையில் போட்ட குறியிலிருந்து லேசர் கோடு அரை மில்லிமீட்டர் விலகியிருந்தாலும் அவனுக்குச் சோறு இறங்காது. எட்டு வருடமாக அவன் இடது பக்கம், அவள் வலது பக்கம். கண்ணால் ஒரு ஜாடை, இரண்டு கிளிப்பும் ஒரே சத்தமாக விழும்.

பூட்டுக்காரர் என்று அவர்கள் கூப்பிட்ட அந்த நோயாளி, தொண்டைப் புற்றுக்கு முப்பத்தைந்து நாள் கதிர்வீச்சு எழுதி வந்தவர். பூட்டு ரிப்பேர், மாற்றுச்சாவி, அதுதான் தொழில். முதல் நாள் கிளிப் விழுந்ததும் கையையும் காலையும் உதறி, மேசையே ஆடும்படி திமிறிவிட்டார். அவசரமாகக் கழற்றி உட்காரவைத்தபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அப்போது அவருக்குக் கொஞ்சம் குரல் மிச்சமிருந்தது. “முப்பது வருஷமா ஊராரைத் திறந்து விட்டவன்மா நான். என்னையே போட்டுப் பூட்டுறீங்க,” என்று சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார். மறுநாளிலிருந்து பயம் தணியப் பாதி மாத்திரை கொடுத்துத்தான் படுக்கவைத்தார்கள். குரல் போனபின் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு எழுதிக் காட்டுவார். இருபத்தொன்பது நாள் அப்படி ஓடியது. முப்பதாவது நாளுக்கு முன் அவருக்குத் தொற்று உறுதியானது.

பெரிய டாக்டர் நேற்று எல்லோரையும் மொட்டைமாடிக்குக் கூப்பிட்டுத் தள்ளித் தள்ளி நிற்கவைத்துப் பேசினார். பதினைந்து நாள் நிறுத்தினால் சுருங்கிய கட்டி மறுபடி தலைதூக்கும், இதுவரை பட்ட பாடெல்லாம் வீண். அதனால் நிறுத்தப் போவதில்லை. மற்றவர்கள் எல்லோரும் வந்துபோன பிறகு, கடைசி ஆளாக அவர். அதன்பின் அறையைத் துடைத்துக் காலைவரை மூடிவைப்பது. இங்கு வருகிறவர்களுக்கு ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி என்று ஒன்றும் கிடையாது, ஒருவருக்குப் பரவினால் வரிசையாகச் சாய்ந்துவிடுவார்கள். தொற்று உள்ளவரோடு அறைக்குள் ஒரே ஒருவர்தான் இருக்கலாம், கவச உடையும் ஒன்றுதான் என்பது சட்டம். சட்டம் எழுதியவர்கள் யாரும் வலை போட்டதில்லை. யார் போகிறீர்கள் என்று டாக்டர் கேட்டபோது ஸ்கேல் தரையைப் பார்த்தான். அவன் மனைவிக்கு எட்டாம் மாதம். காரணம் நியாயமானது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அவன் மேல் எரிச்சல் வந்தது. தன் வீட்டிலும் ஒருவர் இருக்கிறாரே, அதை யார் நினைத்தார்கள் என்று தோன்றியது. நான் போகிறேன் என்று சொன்னது கொஞ்சம் இரக்கத்தால், கொஞ்சம் அந்த எரிச்சலால்.

வீட்டில் இருந்தவர் அவள் கணவர், சிறுவயதிலிருந்தே இழுப்பு உள்ளவர். பாத்திரம் கழுவிக்கொண்டே விஷயத்தைச் சொல்லி, போகட்டுமா என்று கேட்டாள். “போறதுன்னு முடிவு பண்ணிட்டுத்தானே எங்கிட்ட கேக்குற,” என்று சிரித்தார். சிரிப்புக்கு நடுவிலேயே மூச்சு இழுத்தது. இருவரும் அது கேட்காத மாதிரி இருந்தார்கள். இரவே பின்பக்க அறையை ஒழித்து, ஒரு பாயும் தண்ணீர்க் குடமும் போட்டு வைத்துவிட்டார்.

பத்தாவது முறையும் பொம்மைத் தலை திரும்பியபோது ஸ்கேல் உள்ளே வந்தான். அவள் இடது பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே அழுத்த ஒரு கை இருந்தால் போதும், நல்ல பலமான கட்டைவிரல். அப்படி ஒரு கட்டைவிரல் அந்த மேசையிலேயே படுக்கப்போகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. தோள் வரைக்கும் வராத சின்ன வலை அது, கை இரண்டும் வெளியில்தான் இருக்கும். இடது கிளிப்பைப் பூட்டுக்காரரே அழுத்தட்டும் என்று சொன்னதும் ஸ்கேலின் முகம் மாறியது.

“கிளிப் எங்க இருக்கு, எப்படிக் கழறும்னு எந்தப் பேஷண்டுக்கும் நாம சொல்றதில்லக்கா. அவரு முதல் நாள் ஆடின ஆட்டம் மறந்துபோச்சா? கதிர் ஓடுறப்போ பயந்து கழட்டிட்டா?”

மறக்கவில்லை. கதிர் பாய்ந்துகொண்டிருக்கும்போது தலை எழும்பினால் என்ன ஆகும் என்பது இருவருக்குமே தெரியும். வேறு வழி இருந்தால் சொல் என்றாள். அவன் பொம்மையின் இடது கிளிப்பை ஒருமுறை அழுத்திவிட்டு வெளியே போனான்.

மதியம் ஒரு பழைய கிளிப்பைப் பலகையோடு கழற்றி, பையில் போட்டுத் தொற்று வார்டுக்கு அனுப்பினாள். அங்கிருந்த நர்ஸ் போனைப் பூட்டுக்காரர் காதில் வைத்துப் பிடிக்க, எப்படி அழுத்துவது, எங்கே பிடித்தால் கழறும், ஏன் கழற்றக் கூடாது, எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. மூன்று மணிக்கு அதே நர்ஸ் கூப்பிட்டு, காலங்கெட்ட காலத்தில் இந்த மனுஷன் கையில் என்னத்தைக் கொடுத்தீர்கள், டக்கு டக்கென்று வார்டே தூங்கவில்லை என்று அலுத்துக்கொண்டாள்.

ஐந்தரைக்கு அவரைப் பின்வாசல் வழியாகச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து விட்டார்கள். கவச உடைக்குள் அவளுக்கு அதற்குள் வேர்த்து ஊற்றியது. பாதி மாத்திரையை நீட்டினாள். அவர் நோட்டில் எழுதிக் காட்டினார்: இன்னைக்கு வேணாம் தங்கச்சி, விரல் மந்தமாயிடும். மேசையில் ஏறிப் படுத்து, தானே மாஸ்க்கைக் கழற்றி மடித்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டார்.

அவள் குனிந்து வலையை முகத்தில் பொருத்தினாள். தாடைக் குறியின் மேல் சிவப்பு லேசர் கோடு சரியாக நிற்கவில்லை. கழுத்து விறைத்துப் புடைத்திருந்தது. பயம் என்று முதலில் நினைத்தாள். பிறகுதான் நெஞ்சைப் பார்த்தாள். அது அசையவே இல்லை. உதடுகளை இறுக மூடிக்கொண்டு, கண் ஓரத்தில் தண்ணீர் கோத்துக்கொண்டு, தன் மூச்சு அவள் மேல் படக்கூடாது என்று அந்த மனிதர் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். இவரை நம்பலாமா என்று காலையிலிருந்து கணக்குப் போட்டதற்காக வெட்கமாக இருந்தது.

“அண்ணே, மூச்சு விடுங்க,” என்றாள். “நீங்க அடக்கினா கழுத்து ஏறுது, கோடு நிக்க மாட்டேங்குது. எனக்கு உடுப்பு இருக்கு. விடுங்க.”

வலையின் ஓட்டைகள் வழியாக மூச்சு நீளமாக வெளியே வந்து அவள் கண்ணாடியில் ஆவியாகப் படிந்தது. கழுத்து தணிந்தது. கோடு குறியில் போய் உட்கார்ந்தது. அவருடைய இடது கை காதுப்பக்கம் வந்து, தேடாமல் கொள்ளாமல், நேராகக் கிளிப்பைப் பிடித்தது. ஒன்று, ரெண்டு என்று எண்ணினாள். இரண்டும் விழுந்தன. அவர் வலது கையின் ஒரு விரலைத் தூக்கி அவள் பக்கம் காட்டி ஆட்டினார். என்ன என்று அவளுக்குப் புரியச் சற்று நேரமானது. அவளுடைய கிளிப்தான் முழுசாக உட்காரவில்லை; அவருக்குச் சத்தத்திலேயே தெரிந்திருக்கிறது. இன்னொரு முறை அழுத்தினாள். விரல் இறங்கியது.

கனத்த கதவு மூடிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் ஸ்கேல் திரையின் முன் உட்கார்ந்திருந்தான். அவள் கவச உடையோடு, கண்ணாடித் தடுப்புக்கு இப்பால் தள்ளி நின்று திரையைப் பார்த்தாள். எண்களை அவன் இரண்டு முறை சத்தமாக வாசித்தான். கோடு பிசகவில்லை. “அரை மில்லி கூட இல்லக்கா,” என்றான், அவளைப் பார்க்காமல். அவன் மேல் இருந்த எரிச்சல் எப்போது போனது என்று அவளுக்கே தெரியவில்லை.

முதல் சுற்று ஓடி முடிந்தது. அடுத்த சுற்றுக்கு மெஷின் தயாராக அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்தில் பூட்டுக்காரரின் இடது கை மேசையிலிருந்து எழுந்தது. நிறுத்தச் சொல்லும் ஜாடைக்குக் கை நேராக மேலே போகவேண்டும். இது வளைந்து காதுப்பக்கம் போனது. போய்க் கிளிப்பைத் தொட்டது.

“அக்கா,” என்றான் ஸ்கேல். அவன் கை சிவப்புப் பொத்தான் மேல் இருந்தது.

“இரு.”

திரையில் அந்தக் கட்டைவிரல் கிளிப்பின் மேல் உட்கார்ந்தது. கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குக் கிளம்புகிற ஆள் ஷட்டர் பூட்டை இழுத்துப் பார்ப்பது போல, ஒருமுறை இழுத்துப் பார்த்தார். இன்னொரு முறை. கிளிப் அசையவில்லை. கை மெதுவாக இறங்கித் தொடைக்குப் பக்கத்தில் வந்து, உள்ளங்கையை மேலே விரித்துப் படுத்துக்கொண்டது. வயிற்றின் மேல் மடித்து வைத்த மாஸ்க், மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.