இரண்டாவது அடுப்பு

புது அடுப்பைப் பழைய அடுப்பாக்க மூத்தவளுக்கு இரண்டே நாள்தான் இருந்தது. முந்தின நாள்தான் களிமண் குழைத்துப் போட்டிருந்தாள். இன்னும் ஈரம் போகவில்லை, தொட்டால் விரல் பதிந்தது. தன் அடுப்பிலிருந்து இரும்புக் கரண்டியில் நெருப்பை அள்ளிக்கொண்டு வந்து, மேலே ஈர வைக்கோலைத் திணித்து, குப்புறக் கவிழ்ந்து ஊதினாள். அவளுக்கு வேண்டியது தீ அல்ல, புகை. சுவரில் ஆறேழு வருஷத்துக் கரி ஏற வேண்டும். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வழிய அவள் ஊதிக்கொண்டிருக்க, பக்கத்தில் குந்தியிருந்த பொடிசு என்ன செய்கிறாய் என்று கேட்டது. "சுவத்துக்கு மை போடுறேன்டி" என்றாள். ஏழு வயதுப் பெண், சிரித்துச் சிரித்து இருமியது.

விஷயம் இதுதான். பணம் வரப்போகிறது. வெளியூரிலிருந்து ஒரு அமைப்பு, விவசாயக் குடும்பங்களுக்கு இரண்டு வருஷத்துக்கு மாதாமாதம் நேராகக் கைபேசிக்கே பணம் அனுப்புகிறது. நடுவில் ஆள் கிடையாது, மனு கிடையாது, யார் வீட்டு வாசலிலும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. அடுத்தடுத்து இரண்டு மழை பொய்த்து, மேட்டு நிலத்துச் சோளம் முழங்கால் உயரத்திலேயே நின்று கருகிப்போன ஊரில் இதை யார் வேண்டாம் என்பார்கள்? ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. ஒரு அடுப்புக்கு ஒரு பங்கு. இன்னும் இரண்டு நாளில் ஆள் வந்து, எந்த வீட்டில் எத்தனை அடுப்பு எரிகிறதோ அத்தனை குடும்பம் என்று எழுதிக்கொள்வார்கள்.

இதில்தான் மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. அவர்கள் வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர், அண்ணன் பெண்டாட்டி இவள், தம்பி பெண்டாட்டி இளையவள், தம்பிக்கு ஒரே பெண் பொடிசு. எல்லோருக்கும் ஒரே அடுப்பு. எதிர் வீட்டு சைக்கிள்காரரோ இரண்டு மகன்களோடும் சண்டை போட்டு ஆளுக்கொரு மூலையில் பொங்கித் தின்கிற ஆள். அவர் வீட்டுக்கு மூன்று பங்கு. அடித்துக்கொண்டவனுக்கு மூன்று, ஒற்றுமையாக இருந்தவனுக்கு ஒன்று என்பது எந்த ஊர் நியாயம் என்று வீட்டில் எல்லோரையும் கேட்டாள். அவள் புருஷன் வாயைத் திறந்தால் பெரும்பாலும் கொட்டாவிதான் வரும். அன்று மட்டும் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுத் திரும்பி நின்றான்.

"விளையாட்டுக்குக்கூட வீட்ட ரெண்டாக்க வேணாம்."

"காட்டத்தானங்க போறோம்? பிரிக்கவா போறோம்?" என்றாள்.

அத்தோடு பேச்சு முடிந்தது. அந்த வீட்டில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு இருந்ததில்லை. உரச்சாக்குகளைப் பிரித்துத் தைத்து, புது அடுப்பு இருந்த தம்பியின் அறைக்கும் பழைய அடுப்புக்கும் நடுவில் தடுப்பாகத் தொங்கவிட்டாள். பழைய பாத்திரக் கடையில் நசுங்கின சட்டி ஒன்றை வாங்கி வந்து வெளிப்பக்கம் முழுக்கக் கரியைத் தேய்த்தாள். உப்பு ஜாடியில் பாதியை இன்னொரு டப்பாவுக்கு மாற்றினாள். பாதி தீர்ந்த எண்ணெய் பாட்டில் ஒன்றைக்கூட அந்தப் பக்கம் வைத்தாள். இளையவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, சொன்ன இடத்தில் சொன்ன பொருளை வைத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் நல்லது கெட்டது எதுவும் தெரியவில்லை. மூத்தவளும் தேடிப் பார்க்கவில்லை.

கஷ்டமாக இருந்தது பொடிசைப் பழக்குவதுதான். பெற்றது இளையவள்தான் என்றாலும், பெற்ற கையோடு அவள் மூன்று மாதம் காய்ச்சலில் கிடந்ததில் குழந்தை மூத்தவள் மடிக்கு வந்தது. பிறகு இறங்கவே இல்லை. ஊட்டியது, பேன் பார்த்தது, மழைக்கு இடி இடித்தால் அணைத்துக்கொண்டு படுத்தது எல்லாம் மூத்தவள். தனக்கு வயிறு திறக்கவில்லையே என்ற குறையை ஊரில் நாலு பேர் ஞாபகப்படுத்தினால்தான் உண்டு, இல்லாவிட்டால் அவளுக்கு அது மறந்தே போயிருந்தது. சட்டியின் அடியில் ஒட்டி முறுகிக் கிடக்கும் காந்தல் பொடிசின் பங்கு. அதைச் சுரண்டி உருட்டி அவள் நீட்ட, அது வாயைத் திறக்கும். அதுவரை எத்தனை தின்றாலும் சாப்பாடு முடிந்ததாகக் கணக்கில்லை. அந்தப் பெண்ணிடம் போய், நீ எங்கே சாப்பிடுகிறாய் என்று கேட்டால் அந்த வீட்டில் என்று சொல் என்றால் எப்படிச் சொல்லும்? "பெரிம்மாகிட்ட" என்றே சொன்னது. ஒரு சிட்டிகை சர்க்கரை கொடுத்து மறுபடி கேட்டாள். சர்க்கரையை நக்கிவிட்டு மறுபடியும் "பெரிம்மாகிட்ட" என்றது. ஏழாவது தடவைதான் சரியாக வந்தது. மூத்தவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம், பெண் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியதுபோல.

கணக்கெடுக்க வந்தவள் சின்னப் பெண். காலணியெல்லாம் சேறு, கையில் டேப்லெட். இரண்டு அடுப்பையும் எட்டிப் பார்த்துப் படம் எடுத்து, மூத்தவளிடம் கைநாட்டும் வாங்கிக்கொண்டாள். பிறகு எதிர்பார்த்தபடியே பொடிசிடம் குனிந்து, பாப்பா எங்கே சாப்பிடும் என்று கேட்டாள். பொடிசு பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தது. பெரியம்மா கண்ணைச் சிமிட்டினாள். "அந்த வீட்ல" என்று தடுப்பைக் காட்டியது. வந்தவள் தலை மறைந்ததும் வீடே சிரித்தது. கொட்டாவிக்காரப் புருஷன்கூடச் சிரித்தான்.

பணம் வந்தது. சொன்ன தேதியில், சொன்ன தொகை, இரண்டு கைபேசியிலும் டிங் டிங் என்று. முதல் மாதம் இரண்டையும் மூத்தவள் கையில் கொடுத்தார்கள். விதை வந்தது, ஒழுகின கூரைக்குத் தகரம் வந்தது, அடுத்தவன் நிலத்துக்குக் கூலிக்குப் போவது நின்றது. மறுமாதம் இளையவள், திடீரென்று சோதனைக்கு வந்துவிட்டால் அடுப்பு ஆறிக் கிடக்கக் கூடாதே அக்கா என்றாள். நியாயம்தானே என்று மூத்தவளே விறகு எடுத்துக் கொடுத்தாள். அங்கே வெந்நீர் கொதித்தது. வெந்நீர் தேநீரானது. பிறகு பொடிசுக்குத் தினம் ஒரு முட்டை அங்கே வெந்தது. நாலாம் மாதம் கொழுந்தன் யாரையும் கேட்காமல் ஒரு சினை ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்து கட்டினான். ஐந்தாம் மாதம் கைபேசி டிங் என்றபோது மூத்தவள் கையை நீட்டவில்லை, அவர்களும் கொடுக்கவில்லை.

ஆறாம் மாதம் ஒரு சாயங்காலம், மூத்தவள் அளந்து போடக் கரண்டியை எடுத்தபோது இளையவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, நாளையிலேர்ந்து நாங்க அந்தப் பக்கமே ஆக்கிக்கிறோம்."

மூத்தவளுக்கு முதலில் புரியவில்லை. "அது சும்மா காட்டுறதுக்குப் போட்டதுதானடி" என்றாள்.

"தெரியும்க்கா." சண்டைக்கு வந்தவள் குரல் அல்ல அது. "எட்டு வருஷமா இந்த வீட்ல உப்பு போட எங்கை நீண்டதில்லக்கா. எம்பொண்ணுக்கு இன்னொரு கரண்டி போடணும்னாலும் உங்க மூஞ்சியத்தான் பாத்தேன். நீங்க குறை வச்சீங்கன்னு சொல்லல. எனக்கும் ஒரு தடவ அளக்கணும்."

மூத்தவள் கரண்டியைக் கீழே வைத்தாள். எண்ணெயைக் கரண்டியால் அளந்தது உண்மை. அளக்காமல் விட்டிருந்தால் மாதம் பத்து நாள் எண்ணெயே இருந்திருக்காது என்பதும் உண்மை. இளையவள் கடைசியில் உட்கார்ந்து, மிச்சத்தைத்தான் வழித்துத் தின்றாள் என்பதை மூத்தவள் எட்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். அது ஒரு விஷயம் என்றே அவளுக்குத் தோன்றியதில்லை. யாரிடம் போய்ச் சொல்லி அழுவது? ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்து வைக்கலாம் என்றால், எந்த அடுப்பு எப்போது பிரிந்தது என்ற கேள்வி வரும். ஏற்கெனவே பிரிந்த வீடு என்று அவளே அல்லவா கைநாட்டு வைத்திருக்கிறாள்? வாயில் மண்ணைப் போட்டுக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

முதலில் சில நாள் பொடிசு இரண்டு இடத்திலும் சாப்பிட்டது. பிறகு காந்தலுக்கு மட்டும் வந்தது. பிறகு அதற்கும் வரவில்லை. நிலம் மட்டும் பிரியவில்லை, அண்ணனும் தம்பியும் சேர்ந்தே உழைத்தார்கள். வயலுக்கு மத்தியானச் சோறு இளையவள் பக்கத்திலிருந்து போனது. கொட்டாவிக்காரன் அங்கேயே சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் பசியில்லை என்பான். மனைவியின் முகத்தைப் பார்க்காமல் சொல்வான். ஒருத்திக்காக யார் அடுப்பு மூட்டுவது? இருப்பதைப் போட்டுக்கொண்டு, இல்லாவிட்டால் தண்ணீரைக் குடித்துவிட்டு மூத்தவள் படுத்துவிடுவாள். அவளுடைய பங்குப் பணம் மாதாமாதம் வந்து அப்படியே கிடந்தது. பணம் வராத நாளில் பசித்தது, இப்போது பசிகூட எடுக்கவில்லை.

வருஷம் முடிந்ததும் மறுசோதனை என்றார்கள். பொய்யாக அடுப்பு காட்டியிருந்தால் அந்த வீட்டின் எல்லாப் பங்கும் நிற்கும் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுப் போனார்கள். மூன்று நாளாக மூத்தவள் ஒன்றை நினைத்துக்கொண்டே இருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாங்கள் ஒரே குடும்பம், ஆசைப்பட்டுப் பொய் சொன்னோம் என்றால் இரண்டு கைபேசியும் வாயை மூடிக்கொள்ளும். ஆட்டை விற்பார்கள், முட்டை நிற்கும், வேறு வழியில்லாமல் எல்லோரும் ஒரே அடுப்புக்குத் திரும்பி வருவார்கள். பொடிசு வரும். அப்படி நினைக்கிற மனசைப் பார்த்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் நினைப்பதை விடவில்லை.

கணக்கெடுத்த அதே பெண்தான் வந்தாள். அந்தப் பக்கம் முதலில் போனாள். தடுப்புக்கு இந்தப் பக்கம் மூத்தவள் நின்று கேட்டாள். தாளிக்கிற ஓசை, பாத்திர ஓசை, பாப்பா எங்கே சாப்பிடும் என்ற கேள்வி. சாக்கின் ஓட்டை வழியே பொடிசின் முகம் தெரிந்தது. அது யாரையும் பார்க்கவில்லை.

"எங்க வீட்ல" என்றது.

யாரும் சர்க்கரை கொடுக்கவில்லை. பிறகு அந்தப் பெண் இந்தப் பக்கம் வந்து அடுப்பருகில் குனிந்தாள். சாம்பலில் சுருண்டு கிடந்த பூனை எழுந்து, உடம்பை உதறிக்கொண்டு போனது. அவள் சாம்பலில் விரலை வைத்துப் பார்த்தாள்.

"இதுல சமைக்கிறீங்களாம்மா?"

மூத்தவள் தரையில் சிதறிய சாம்பலைத் துடைப்பத்தால் கூட்டினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. கூடுதல் பங்குக்காகச் சும்மா ஒரு அடுப்பக் கட்டி வச்சிடுறாங்க நிறைய பேரு. அந்தப் பக்கத்து அடுப்பு நிஜ அடுப்புன்னு பாத்தாலே தெரியுது. இதுதான் காட்டுறதுக்குப் போட்ட மாதிரி இருக்கு." டேப்லெட்டில் எதையோ தள்ளினாள். "அடுத்த நாலு வீடு பாத்துட்டு வரேன். எரிஞ்சா போட்டோ எடுத்துக்கிறேன். இல்லன்னா எழுதித்தான் ஆகணும்."

இருபத்திரண்டு வருஷமாக எரிந்த அடுப்பு அது. மாமியார் இருந்த காலத்திலிருந்து எரிந்த அடுப்பு. மூத்தவளுக்குச் சிரிப்பு வந்தது. இப்போது ஒரு வார்த்தைகூடச் சொல்ல வேண்டாம். சும்மா நின்றால் போதும், தானாக இரண்டு பங்கும் நின்றுவிடும். அவள் சுவரில் சாய்ந்து சும்மா நின்றாள்.

சாக்கை ஒதுக்கிக்கொண்டு பொடிசு வந்தது. இரண்டு கையாலும் இரும்புக் கரண்டியைப் பிடித்திருந்தது. கரண்டி நிறைய நெருப்பு. காலில் புதுச் செருப்பு. கன்னம் உப்பியிருந்தது, போன வருஷம் எண்ணக்கூடியதாக இருந்த விலா எலும்பு இப்போது சட்டைக்குள் தெரியவில்லை. மூத்தவள் இத்தனை கிட்டத்தில் அதைப் பார்த்து எத்தனை நாளாயிற்று?

"அம்மா குடுக்கச் சொன்னாங்க பெரிம்மா."

கரண்டியை வாங்கிக்கொண்டாள். கை சூட்டை உணரவில்லை. "சோறு வைக்கிறேன், இரேன். காந்தல் தரேன்" என்றாள். கெஞ்சுவது போலத்தான் இருந்தது.

"வயிறு நிறைஞ்சிருக்கு பெரிம்மா" என்றது பொடிசு. எரிச்சலோ மறுப்போ இல்லை, இருப்பதைச் சொன்னது. ஏழு வருஷம் அவள் கையால் தின்ற பெண், ஒரு நாளும் இந்த வார்த்தையைச் சொன்னதில்லை. செருப்பு சத்தமிட அது தடுப்புக்கு அந்தப் பக்கம் ஓடியது.

மூத்தவள் மண்டியிட்டு நெருப்பை அடுப்பில் கொட்டினாள். மூலையில் கிடந்த வைக்கோலில் தண்ணீர் தெளித்து, திணித்து, குப்புறக் கவிழ்ந்து ஊதினாள். புகை கிளம்பிச் சுவரேறியது. அரிசி ஊறவைக்கவில்லை, அதற்கு நேரமும் இல்லை. சட்டியில் தண்ணீரை ஊற்றி வைத்தாள்.

தண்ணீர் கொதிக்கத் தொடங்கியபோது அந்தப் பெண் வந்துவிட்டாள். புகைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு டேப்லெட்டைத் தூக்கினாள்.

"கொஞ்சம் சமைக்கிற மாதிரி உக்காருங்கம்மா."

மூத்தவள் சட்டியை மறைக்காமல் நகர்ந்து உட்கார்ந்தாள். சோற்றுக் கரண்டியைச் சட்டிக்குள் விட்டு, கொதிக்கிற வெறும் தண்ணீரைக் கிண்டினாள். படம் எடுத்து முடித்து அந்தப் பெண் போன பிறகும் கிண்டிக்கொண்டிருந்தாள்.