துடைத்த ஜன்னல்

ஓவிய டீச்சருக்குக் கை சும்மா இருக்காது. காலை வகுப்பில் பன்னிரண்டு பிள்ளைகளும் வாட்டர்கலரில் நகரம் வரைந்து, காயவைத்துவிட்டுப் போனார்கள். சாயங்காலம் பெற்றோர் பார்க்க வருவார்கள். பிள்ளைகளை யார் பார்க்கப் போகிறார்கள், டீச்சரைத்தானே எடைபோடுவார்கள்! ஒவ்வொரு தாளாக எடுத்து லேசாகச் சரிசெய்தாள். சாய்ந்த கட்டடத்தை நிமிர்த்தினாள். திட்டுத்திட்டான வானத்துக்கு இன்னொரு பூச்சு கொடுத்தாள். குண்டூசி என்கிற சிறுமி வரைந்த அடுக்குமாடியில் ஒரே ஒரு ஜன்னல் வர்ணமில்லாமல் கிடந்தது. அவசரக்குடுக்கை, மறந்துவிட்டாள் என்று அதிலும் நீலம் பூசி வைத்தாள்.

குண்டூசி என்பது அந்த ஒல்லிக்குச்சிப் பெண்ணுக்கு வகுப்பு வைத்த பெயர். சாயங்காலம் அப்பாவை இழுத்துக்கொண்டு முதல் ஆளாக வந்துவிட்டாள். உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைப்பவர் அவர். வேலை முடிந்த கையோடு வந்திருந்தார். துடைக்கிற துணி இடுப்பிலேயே இருந்தது.

"அப்பா, இதுல ஒரே ஒரு ஜன்னல் பளிச்சுன்னு வெள்ளையா இருக்கும். அது நீங்க துடைச்சது. கண்டுபிடிங்க பாக்கலாம்!"

அவர் குனிந்து, மாடி மாடியாக விரலை ஓட்டித் தேடினார். டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. "நம்ம கலர் பெட்டியில வெள்ளை கிடையாது. வெள்ளை வேணும்னா தாளை அப்படியே விட்டுடணும். ஒருதடவை பூசிட்டா வெள்ளை திரும்ப வராது." போன வாரம் தொண்டை கிழிய அவளே நடத்திய பாடம். பன்னிரண்டு பேரில் அதைக் காதில் வாங்கியவள் இந்த ஒருத்திதான்.

"எல்லாமே நீலமால்ல இருக்கு?" என்றார் அப்பா.

குண்டூசி தாளை உற்றுப் பார்த்தாள். முகம் சின்னதாகிவிட்டது. "நான்தான் தெரியாம பூசிட்டேன் போல. சாரிப்பா."

வாயைத் திறக்காவிட்டால் டீச்சர் தப்பித்துவிடலாம். ஒரு நிமிடம் அப்படித்தான் நின்றாள், வெட்கங்கெட்டவள். அந்த ஒரு நிமிடத்துக்காகவே தன்மேல் காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது.

"நீ பூசலைம்மா," என்றாள். "நீ சரியாத்தான் விட்டிருந்தே. நான்தான் கை வெச்சுட்டேன்."

அப்பா கோபிக்கவில்லை. பழக்கத்தில் இடுப்புத் துணியை உருவினார். "பரவால்ல டீச்சர். ஈரத்துணியால துடைச்சா பழையபடி வந்துடும்ல?"



"வராதுப்பா," என்றாள் குண்டூசி. "டீச்சர் சொல்லிக் குடுத்திருக்காங்க."